முதலில் பேட்டரி, பிறகு பேனல்

ஆறுமுகநேரி
2 ஜூன் 2025

டிக்சனுக்கு,

வழக்கமாக எழுதும் வார்த்தையை எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்தது. அதனால் இது இரண்டாவது தாள். இதிலும் அந்த வார்த்தை இல்லை.

இன்று பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஏழாம் வகுப்புக்கு முழு எண்களை ஆரம்பித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன் நம்பரை பிப்ரவரியிலேயே போனிலிருந்து தடுத்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இப்போதும் அந்தத் தடையை எடுக்கப் போவதில்லை. உன் குரலைக் கேட்டால் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று நீ சொன்னதுதான் காதில் விழும். "ஒரு வயர மாட்டத் தெரியலையேக்கா ஒனக்கு. அப்பாவக் கொன்னுட்டியே." விக்டோரியா அத்தை இருந்தாள், போதகர் இருந்தார், என் பள்ளிக்கூடத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் கேட்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எழுத வேண்டிய காரணம் இது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாளின் வீட்டுக்காரருக்கு நுரையீரல் சுருங்கிவிட்டதாம். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். 27ஆம் தேதி வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்க வேண்டும், கரண்ட் போனாலும் அது நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ஆராதனை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இசக்கியம்மாள் வாசலில் நின்றாள். "டீச்சர், அய்யாவோட மெஷினு சும்மாதான மூலைல கெடக்கு. எங்களுக்குத் தாங்களேன். அந்த சோலாரு பெட்டியோட தாங்க" என்றாள்.

அந்தப் பெட்டி நின்றுபோனபோது அப்பா பக்கத்தில் இருந்தவளே அவள்தான். அவளே வந்து அதைக் கேட்கிறாள். வேறு வழி இல்லாதவள் வேறு என்ன கேட்பாள்?

தரமாட்டேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. பேட்டரி, கன்ட்ரோலர், இன்வர்ட்டர் எல்லாம் நீ மாட்டிய இடத்திலேயே அப்பாவின் வேட்டியைப் போர்த்திக்கொண்டு இருக்கின்றன. அப்பா இறந்த பிப்ரவரி எட்டாம் தேதி வயர்களைக் கழற்றியவள், அதன் பிறகு தொடவில்லை. எலெக்ட்ரீஷியன் பவுலைக் கூப்பிட்டுக் காட்டினேன். "லித்தியம் எனக்குப் பழக்கமில்ல டீச்சர். மாட்டினது தம்பிதான? அவாள்ட்டயே கேளுங்க" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே கேட்கிறேன். பழைய தண்ணீர் பேட்டரி ஆறு வருடம் ஒரு நாளும் நிற்கவில்லை. நீ லித்தியம் மாற்றிய ஆறாவது வாரம் நின்றது. ஏன் நின்றது? நான் என்ன செய்தேன், அல்லது செய்யவில்லை? காரணம் தெரியாமல் இன்னொரு மனுஷனின் மூக்கில் அந்தக் குழாயை மாட்ட என்னால் முடியாது.

சோதிக்க வேண்டியதை எழுது. செய்து பார்த்து எழுதுகிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஈவாஞ்சலின்

பி.கு: அப்பா இருந்தால், தமிழையா அல்லவா, இந்தக் கடிதத்திலேயே நாலு இடத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்திருப்பார். 'ஆராதனை முடிந்து வந்து' என்ற வாக்கியத்தில் எழுவாய் மாறிவிட்டது. தெரிகிறது. மாற்ற மனமில்லை.


ஜெய்சால்மர் பக்கம், முகாம்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன், அந்த வார்த்தையை.

கடைசியாகத் தமிழில் கடிதம் எழுதியது நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்தபோது. பணம் அனுப்பச் சொல்லி எழுதினால், அப்பா மணியார்டரோடு என் கடிதத்தையும் திருப்பி அனுப்புவார், சிவப்பு மையில் திருத்தி. பையன்கள் எல்லாம் அதை வாங்கி வாசித்துச் சிரிப்பார்கள். இப்போதும் எழுதும்போது தோளுக்கு மேலே யாரோ பார்ப்பது போலத்தான் இருக்கிறது. இங்கே நாற்பத்தேழு டிகிரி. பேனா மை தாளைத் தொடும் முன்பே காய்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பேனல்தான். இத்தனை ஆயிரம் பேனலை ஒழுங்காக ஓட்டுகிறவன் சொந்த வீட்டில் இரண்டு பேனலை ஓட்டத் தெரியாதவன் என்று நீ நினைக்கிறாய். நினைத்துக்கொள்.

அன்றைக்கு வாசலில் பேசியது துக்கத்தில் பேசியது. மூன்று நாள் பயணம், தூக்கமில்லை. அதை நீ இப்படிப் பிடித்துக்கொண்டே இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. சரி, வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய்.

முதலில் ஒன்று. நான் பேட்டரியை மாற்றியது ஆசைக்கு அல்ல. பழையது அப்பாவின் கட்டிலுக்கு நாலு அடியில் இருந்தது. சார்ஜ் ஏறும்போதெல்லாம் ஆசிட் நெடி. நெஞ்சுக்கூடு காய்ந்துபோன மனுஷன் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தார். நீ தினமும் அங்கேயே இருந்ததால் உனக்கு அந்த வாடை பழகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்த எனக்கு வாசலிலேயே மூக்கில் ஏறியது.

லித்தியம் பேட்டரிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. வோல்டேஜ் அளவுக்கு மேல் போனால் பேட்டரியைக் காப்பாற்றத் தானாகவே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். பழைய பேட்டரிக்கு அந்தப் புத்தி கிடையாது. கொதித்துக்கொண்டே கிடக்கும், ஆனால் நிற்காது. அன்று இந்த சர்க்யூட்தான் துண்டித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் துண்டித்தது என்பதுதான் கேள்வி. கன்ட்ரோலர், அதாவது பேனலிலிருந்து வரும் கரண்டை அளந்து பேட்டரிக்குக் கொடுக்கிற அந்த நீலப் பெட்டி, அளவுக்கு மேல் கொடுத்திருக்கிறது. ஏன் கொடுத்தது?

செய்ய வேண்டியது: பள்ளிக்கூட லேபில் மல்டிமீட்டர் இருக்கும், எடுத்து வா. பேட்டரியைத் தனியாக அளந்து எழுது. பிறகு ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில், நீ வழக்கமாக எப்படி மாட்டுவாயோ அப்படியே மாட்டு. எதையும் மாற்றாதே. மெஷினை மாட்டாதே, ஃபேன் மட்டும் போதும். கன்ட்ரோலர் திரையில் வரும் எண்களை ஒன்று விடாமல் எழுது. இன்வர்ட்டர் கத்தினால் பேனல் சுவிட்சை உடனே அணைத்துவிடு.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, கோபப்படாதே. பழைய ஞாபகத்தில் இதற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாயா? நட்டைச் சரியாக முறுக்கினாயா? அன்று என்ன நடந்தது என்று நீ என்னிடம் முழுதாகச் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை என்பாய். சரி, இப்போது கேட்கிறேன்.

டிக்சன்


ஆறுமுகநேரி
15 ஜூன் 2025

டிக்சனுக்கு,

லித்தியம் பேட்டரியில் தண்ணீர் ஊற்ற ஓட்டையே கிடையாது. நான் கணக்கு டீச்சர், பைத்தியக்காரி அல்ல.

ஆசிட் நெடி பற்றி எழுதியிருந்தாய். 'உனக்குப் பழகிவிட்டது' என்ற வரியை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். வருஷத்துக்குப் பத்து நாள் வருகிறவனுக்கு எல்லா வாடையும் புதிதாகத்தான் இருக்கும். மற்ற முந்நூற்றைம்பத்தைந்து நாளும் அங்கே ஒருத்தி இருந்தாள். அந்த நெடி அப்பாவுக்கு ஆகாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்ல நீ இத்தனை கூர்மையாக எழுதியிருக்க வேண்டாம்.

சோதனையை நேற்று சனிக்கிழமை மத்தியானம் செய்தேன். பேட்டரி தனியாக 13.1. பேனல் சுவிட்சைப் போட்டேன், பிப்ரவரியில் இருந்தது போல. பிறகு பேட்டரி வயர்களை வழக்கம் போல மாட்டினேன். கன்ட்ரோலர் திரையில் ஒரு சின்ன பேட்டரிப் படம், பக்கத்தில் 24V என்று வந்தது. எண் 13.4இல் தொடங்கி மெல்ல ஏறியது. பதினோரு நிமிடத்தில் 14.6. அடுத்த நிமிடம் ஒரேயடியாக 29. இன்வர்ட்டர் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபேன் நின்றது. சுவிட்சை அணைத்தேன்.

அந்தக் கத்தலை நான் அன்று கேட்கவில்லை. அன்று கேட்டது இசக்கியம்மாள் மட்டும்தான். நேற்று நான் கேட்டேன்.

அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பத்து மணிக்குப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அதனால் எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டேன். மற்ற சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கே, வெளிச்சம் வரும் முன்பே, உப்புத் துடைப்பை முடித்துவிடுவேன். உனக்குத் தெரியும், உப்பளக் காற்றில் ஒரு வாரம் விட்டால் பேட்டரி முனை பச்சை பூத்துவிடும், பேனல் மேல் வெள்ளையாகப் படியும். இந்த ஊரில் சோலார் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் சனிக்கிழமை உப்புத் துடைப்பு உண்டு. அன்று மட்டும் அது ஒன்பதரை ஆகிவிட்டது. பேட்டரி வயரைக் கழற்றினேன், முனையைத் துடைத்தேன், வாஸ்லின் தடவினேன், திரும்ப மாட்டினேன். பிறகு மாடிக்குப் போய் பேனலைக் கழுவினேன். மெஷின் அப்போது மெயின் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனது, பேட்டரிக்கு மாறியது, ஓடியது. அரைமணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் மாத்திரை வாங்கத் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அப்பா, "போயிட்டு வாளா, நான் என்ன ஓடியா போகப் போறேன்" என்றார்.

பதினோரு மணி சுமாருக்குக் கத்தல் கேட்டு இசக்கியம்மாள் ஓடி வந்திருக்கிறாள். "அய்யாவுக்கு மூச்சு வாங்குது. எனக்கு மூலைல இருக்க ஆக்சிஜன் சிலிண்டரத் தொறக்கத் தெரியல டீச்சர். பேப்பர வச்சு வீசிக்கிட்டே இருந்தேன்" என்றாள். நான் வந்தது பன்னிரண்டு பத்துக்கு. தூத்துக்குடிக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் முக்காணி தாண்டும் முன்பே அப்பா போய்விட்டார்.

நான் எந்த இடத்திலும் சொந்தப் புத்தியைக் காட்டவில்லை. நீ ஊருக்குப் போகிற அவசரத்தில் கன்ட்ரோலர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டிவிட்டு, "சனிக்கிழமை தொடைக்கயில இதுபடி செய்யிக்கா" என்றாய். அதன்படிதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்தேன். அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீ எழுதியதை எழுத்து மாறாமல் இங்கே எழுதுகிறேன்:

முதலில் பேட்டரி. பிறகு பேனல்.

முதலில் பேட்டரியைத் துடைத்தேன். பிறகு பேனலைக் கழுவினேன். இதில் நான் செய்த பிழை எது? நாலு மாதமாகத் தேடுகிறேன். ஒரே வரியில் எழுது, போதும். 27ஆம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

ஈவாஞ்சலின்


முகாம்
20 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. காரணம் தெரிந்துவிட்டது. அவசரம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இந்த வகை கன்ட்ரோலர், உயிர் வந்ததும் தன் முன்னால் இருப்பது 12 வோல்ட் பேட்டரியா, 24 வோல்ட் பேட்டரியா என்று தானே கண்டுபிடிக்கப் பார்க்கும். வெயில் நேரத்தில் பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு பேனலை விட்டுவைத்தால், அதற்குப் பேனலின் வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். நம் பேனல் பெரிய பேனல். அதைப் பார்த்து 24 என்று முடிவு கட்டிவிடுகிறது. பிறகு நம் 12 வோல்ட் பேட்டரியை மாட்டினாலும் 24க்குத் தகுந்தபடி ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரி தாங்காமல் துண்டித்துக்கொள்ளும். துண்டித்ததும் வயரில் வோல்டேஜ் எகிறும். அதைப் பார்த்து இன்வர்ட்டரும் நின்றுவிடும். அன்று காலை வெயில் குறைவு, மெஷினும் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தது, அதனால் பதினோரு மணி வரை தாங்கியிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பேனலில் வெயில் இல்லை. அதனால் மற்ற சனிக்கிழமைகளில் தப்பித்தது.

செய்ய வேண்டியது: பேனல் சுவிட்சை அணை. பிறகு பேட்டரியைக் கழற்று. ஐந்து நிமிடம் சும்மா விடு. பிறகு பேட்டரியை மாட்டு, திரை வந்ததும் மெனுவுக்குள் போய் 'ஆட்டோ' என்பதை எடுத்துவிட்டு 12V என்று நிரந்தரமாக வை. பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்று. உச்ச வோல்டேஜ் 14.2 போதும். கடைசியாகப் பேனல் சுவிட்சைப் போடு. ஒரு முழு நாள் மெஷினை ஓட்டிப் பார். இனி நிற்காது.

இது அந்தக் கருவியின் குணம். யாருடைய தவறும் இல்லை.

டிக்சன்


முகாம்
21 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். யாருடைய தவறும் இல்லை என்று எழுதினேன். அது பொய்.

நீ ஒரு வரி கேட்டாய். நீ எந்தப் பிழையும் செய்யவில்லை. அதுதான் அந்த வரி.

மற்ற வரிகள் என்னுடையவை. ஜனவரி மூன்றாம் தேதி எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் கன்ட்ரோலர் மெனுவைத் திறக்கவே இல்லை. பழைய பேட்டரிக்கு இருந்த அமைப்பிலேயே விட்டேன். அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பிறகு டைரியில் ஒரு தாளைக் கிழித்து அந்த நாலு வார்த்தையை எழுதினேன். பேட்டரியை முதலில் மாட்ட வேண்டும், பேனலைப் பிறகு மாட்ட வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. கழற்றும்போது அது தலைகீழ், பேனலைத்தான் முதலில் கழற்ற வேண்டும். எங்கள் வேலையில் எல்லாருக்கும் இது கைப்பழக்கம். நாங்கள் ஒருவருக்கொருவர் பாதி வார்த்தைதான் பேசுவோம். மீதியைக் கை செய்துவிடும். அதே பாதி வார்த்தையை உனக்கும் எழுதினேன். மாட்டவா, கழற்றவா என்று நான் எழுதவில்லை. துடைக்க என்று நீ வாசித்தாய். துடைப்பதற்காக ஒட்டிய தாளை வேறு எப்படி வாசிப்பார்கள்?

நீ எழுத்து மாறாமல் எழுதி அனுப்பிய அந்த வரியை முகாம் வாசலில் நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் உட்கார்ந்து கருவியின் குணம் என்று எழுதினேன். ஏன் என்றால், கல்லறைத் தோட்டத்து வாசலில் அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து நான் சொன்னது, அப்படியே திரும்பி என்னிடம் வந்தது. வயரை மாட்டத் தெரியாதவள் நீ இல்லை. மாட்டச் சொல்லத் தெரியாதவன் நான். அப்பாவைக் கொன்றுவிட்டாயே என்று உன்னிடம் சொன்னேன். அதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

துக்கத்தில் பேசியது என்று முதல் கடிதத்தில் எழுதியதும் பொய்தான். பயத்தில் பேசினேன். மூன்று நாள் ரயிலில், நான் மாற்றிய பேட்டரிதான் காரணமோ என்ற ஒரே நினைப்புதான். ஊர் வந்து சேர்ந்ததும் பழி போட ஒரு ஆள் கிடைத்தது. நீ கிடைத்தாய்.

விக்டோரியா அத்தைக்கும் போதகருக்கும் தனித்தனியாக இன்றே எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடத்து ஆட்கள் பெயர் தெரியாது. பெயரை எழுதி அனுப்பினால் பன்னிரண்டு பேருக்கும் எழுதுவேன்.

பெட்டிக் கதவில் ஒட்ட வேறு தாள் வைத்திருக்கிறேன். இந்த முறை முழுதாக எழுதியிருக்கிறேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிடு. மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் தம்பி
டிக்சன்


ஆறுமுகநேரி
29 ஜூன் 2025

அன்புள்ள டிக்சன்,

நீ 20ஆம் தேதி எழுதிய கடிதம் 25ஆம் தேதி வந்தது. அன்றே நீ எழுதியபடி மாற்றினேன். திரையில் 12V என்று வந்து நின்றது. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, மெயினை அணைத்து, வெயில் உச்சியில் இருக்கும்போது மெஷினை ஓட்டினேன். மூக்கு இல்லாத குழாய் கட்டிலில் கிடந்து ஐந்து மணி நேரம் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. அது ஓட ஓட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக ஓடுகிற ஒன்று அன்று ஏன் ஓடவில்லை என்று அதை ஒரு மிதி மிதிக்கலாம் போல இருந்தது.

27ஆம் தேதி காலையில் அடுத்த கடிதம் வந்தது. சாயங்காலம் இசக்கியம்மாளின் வீட்டுக்காரர் வந்துவிட்டார். பவுல் பெட்டியையும் பேனலையும் அங்கே மாற்றிக் கொடுத்தான். நீ அனுப்பிய புதுத் தாளை ஒட்டப் போனேன். இசக்கியம்மாள் சிரித்துவிட்டாள். "டீச்சர், எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. ஒட்டி என்ன செய்ய? கைல செஞ்சு காட்டுங்க" என்றாள். ஆறு தடவை செய்து காட்டினேன். ஏழாவது தடவை அவளே சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தாள். "கழத்தயில மேல உள்ளத மொதல்ல நிப்பாட்டணும், பெறவு பாட்டரியக் கழத்தணும். மாட்டயில பாட்டரிய மொதல்ல மாட்டணும், பெறவு மேல உள்ளதப் போடணும்." சிலிண்டர் திறக்கவும் கற்றுக்கொண்டாள். அதை மட்டும் பத்துத் தடவை செய்தாள். கடைசித் தடவை அழுதாள்.

இனி, உன் பழைய தாள். கிழித்துப் போடச் சொல்லியிருந்தாய். கிழிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்.

15ஆம் தேதி எழுத்து மாறாமல் எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? உன் எழுத்தைத்தான் மாறாமல் எழுதினேன். அதற்குக் கீழே இருந்ததை எழுதவில்லை. சிவப்பு மையில் இருக்கிறது பார். கோணலாக இருந்தாலும் எழுத்து அப்பாவுடையதுதான்.

பயனிலை எங்கே? மாட்டவா? கழற்றவா?

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை. அப்பா கட்டிலை விட்டு இறங்கி, குழாயை இழுத்துக்கொண்டு போய், பெட்டிக் கதவைத் திறந்து இதை எழுதியிருக்கிறார். நான் மாடியில் இருந்தேன். இறங்கி வந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூச்சு விடவே முடியாத நிலையிலும் மகன் எழுதியதைத் திருத்தாமல் இருக்க முடியவில்லையே இவரால் என்று. "டிக்சன்ட்ட கேட்டுச் சொல்லுளா" என்றார். "சரிப்பா" என்றேன். அன்று இரவு நீ போன் செய்தாய். பதினைந்து நிமிடம் பேசினோம். கிறிஸ்துமஸ் கேக் கெட்டுப்போனது வரைக்கும் பேசினோம். இதைக் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அதுவும் பொய். ஞாபகம் இருந்தது. தமிழையாவின் இலக்கணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உன்னிடம் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

அவர் கேட்டது இலக்கணம் இல்லை. எனக்குத்தான் அப்படித் தெரிந்தது.

அன்று வாசலில் நீ பேசியபோது நான் பதிலே பேசவில்லை, கவனித்தாயா? எல்லாரும் என்னைப் பொறுமைசாலி என்றார்கள். பொறுமை இல்லை. அந்தச் சிவப்பு மை என் கண் முன்னால் நின்றது. பிறகு உன் நம்பரைத் தடுத்ததும் கோபத்தில் மட்டும் இல்லை. இந்தத் தாளைப் பற்றி நீ கேட்டுவிடுவாய் என்ற பயம். நீ எழுதாமல் விட்டாய். நான் கேட்காமல் விட்டேன். இரண்டில் எது பெரிது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சருக்கே விடை வரவில்லை. நீயும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

விக்டோரியா அத்தை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று வந்தாள். நான் இந்தத் தாளை அவளிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என் கையில் வைத்தாள். பிறகு, "ரெண்டு பேரும் சேந்தே அழுதுருக்கலாமேளா" என்றாள். மற்றவர்களுக்கு நீ எழுத வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன், இரண்டு பேருடைய பிழையையும்.

உன் 21ஆம் தேதிக் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வாசித்தேன். பழக்கம் விடவில்லை. ஒற்றுப் பிழை நாலு இருக்கிறது. பயனிலை எல்லா வாக்கியத்திலும் இருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை இசக்கியம்மாள் வீட்டில் முதல் உப்புத் துடைப்பு. நானும் போகிறேன். உன் நம்பரைத் திரும்பப் போட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கூப்பிடு. அவள் கழற்றும்போதும் மாட்டும்போதும் நீ சொல்லிக்கொண்டே வா. எனக்குத் தெரிந்ததுதானே என்று பாதியில் விட்டுவிடாதே. முழு வாக்கியமாகச் சொல்.

அக்கா